காயாம்பூ செடி: பூ இல்லாத நாள்ல கண்டுபிடிக்கறதுல இருந்து வீட்ல பூக்க வைக்கற வரைக்கும்

மார்கழி விடிகாலைல கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை ஓடும்போது 23-வது பாட்டுல "பூவைப்பூ வண்ணா"ன்னு ஒரு எடம் வரும், அந்தப் பூவைங்கறது காயாம்பூதான்னு உரைக்காரங்க சொல்றாங்க. பெருமாள காயாம்பூ மேனியன்னு சொல்றதும் இதே பூவ வச்சுத்தான். இப்படி எல்லாரு வாய்லயும் இருக்கற பூ, ஆனா செடிய நேர்ல காட்டி இது என்னன்னு கேட்டா முழிப்பாங்க, நானும் முழிச்சவன்தான். எங்க ஊர் அய்யனார் கோயில் பின்னாடி காடு மாதிரி இருக்கும், அதுக்குள்ள சின்ன வயசுல இருந்து ஓடி விளையாடிருக்கேன், அங்க பாதி பொதரு காயாதான்னு எனக்கு முப்பது வயசுக்கு மேலதான் தெரிஞ்சுது.

காரணம் ரொம்ப சிம்பிள். வருஷத்துல சில நாள்தான் பூக்கும், மத்த நாள்ல அது வெறும் கரும்பச்ச இலை வச்ச ஒரு பொதரு, திரும்பிப் பாக்க ஒண்ணும் இருக்காது. அதனால இத தேடறவங்க பண்ற முதல் தப்பு பூவத் தேடறது. பூவ வச்சு தேடுனா வருஷக்கணக்கா தேடிக்கிட்டே இருப்பீங்க, இலையையும் கணுவையும் வச்சுத் தேடுங்க, ஒரே நாள்ல கெடச்சுடும். இந்தக் கட்டுரைல பாதிக்கு மேல அடையாளம்தான் சொல்லப்போறேன், ஏன்னா சரியான செடிய பிடிச்சுட்டா வளக்கறது பெரிய விஷயமே இல்ல, பொறுமை மட்டும் வேணும், அதுவும் நெறைய வேணும்.

பேரு பத்தி ஒரு வார்த்த

காயா, காசா, காசான், காசாஞ்செடின்னு எடத்துக்கு எடம் மாறும். சில பக்கம் அல்லின்னே சொல்றாங்க, கொளத்துல பூக்கற அல்லிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, கேக்கும்போது கொழம்பிடாதீங்க. கேரளால காயாம்பூ, காசாவுன்னு சொல்வாங்க, மகாராஷ்டிரா பக்கம் அஞ்சனி, சிங்களத்துல கொறகஹா. விஞ்ஞானப் பேரு மெமிசைலான் அம்பெல்லாட்டம், பழைய புஸ்தகங்கள்ல மெமிசைலான் எடூல்னும் மெமிசைலான் டிங்டோரியம்னும் இருக்கும், எல்லாம் ஒண்ணையே சுத்தி சுத்தி வர்ற பேருங்கதான். டிங்டோரியம்னா சாயத்துக்கு ஆகறதுன்னு அர்த்தம், அது ஏன்னு கீழ சொல்றேன், அடையாளத்துக்கே அது உதவும்.

இந்த மெமிசைலான் இனத்துல மட்டும் 300-க்கு மேல வகை இருக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இலங்கையிலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியற பல வகை உண்டு. புதுசா ஆரம்பிக்கறவங்க எந்த வகைன்னு தலைய ஒடச்சுக்க வேணாம். கடலோர சமவெளில, கோயில்காட்டுல, செம்மண் பொதர்க்காட்டுல நீங்க பாக்கறது பெரும்பாலும் இந்த அம்பெல்லாட்டமாத்தான் இருக்கும்.

எங்க போய்ப் பாக்கறது

கோயில்காடுதான் முதல் எடம். புதுச்சேரி, கடலூர், மரக்காணம் பக்கம் கடற்கரைய ஒட்டி இருக்கற பழைய கோயில்காடுகள்ல காயா ரொம்ப சாதாரணம், சில காட்டுல அதுதான் மெஜாரிட்டியே. புதுச்சேரி பக்கத்து புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இதுக்கு நல்ல உதாரணம், உள்ள நடந்தா ரெண்டு பக்கமும் இதுதான் நிக்கும். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடுன்னு இந்த மாதிரி காட்ட சொல்வாங்க, அதாவது மழை கம்மி ஆனா மரம் இலைய உதிர்க்காது. ஆரோவில்ல இந்த வகைக் காட்டத் திரும்ப வளத்துக்கிட்டு இருக்காங்க, அங்கயும் காயாவப் பாக்கலாம். மலையடிவாரம், பாறை இடுக்கு, செம்புரை மண்ணு இருக்கற மேடு, இங்கயும் நிக்கும். தண்ணி தேங்கற களிமண்ணு பூமில தேடாதீங்க.

சாதாரணமா ஆள் உயரத்துல இருந்து ரெண்டாள் உயரம் வரைக்கும் இருக்கற பொதருதான், ஆடு மாடு கடிக்காம வெட்டுப்படாம விட்டா சின்ன மரமாவும் ஆகும். அடில இருந்தே நாலஞ்சு தண்டு கெளம்பி வர்றது வழக்கம்.

இலைய கையில எடுத்துப் பாருங்க

இப்ப செடி முன்னாடி நிக்கறீங்கன்னு வச்சுக்குவோம். பூ இல்ல, காய் இல்ல. இந்த வரிசைல பாருங்க.

மொதல்ல இலை எதிர் எதிரா இருக்கான்னு பாக்கணும், ஒரு கணுவுல ரெண்டு இலை நேருக்கு நேர் மொறச்சுக்கிட்டு நிக்கணும். ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு மாத்தி மாத்தி வந்தா அது காயா இல்ல, நகந்துடுங்க.

அடுத்தது இலை விளிம்பு, பல்லு இருக்கக்கூடாது, வழுவழுன்னு ஓடணும். இலைக்காம்பு ரொம்பக் குட்டி. இலை தடிப்பா தோல் மாதிரி இருக்கும், மேல்பக்கம் கரும்பச்ச பளபளப்பு, கீழ்ப்பக்கம் கொஞ்சம் வெளிறுனது, நீளம் ஒரு விரல் அளவு இருக்கும், அதுக்குக் கொஞ்சம் கம்மியாவும் இருக்கலாம்.

மூணாவதுதான் முக்கியம். இலைய வெளிச்சத்துல தூக்கிப் புடிங்க. நடு நரம்பு ஒண்ணுதான் தெளிவாத் தெரியும், பக்க நரம்பு இருக்கறதே கண்ணுக்குத் தெரியாது, பிளாஸ்டிக்ல செஞ்ச இலை மாதிரி இருக்கும். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா காயா சேந்த குடும்பம் மெலாஸ்டொமடேசி, அந்தக் குடும்பத்துல மத்த செடி முக்கால்வாசிக்கு இலை அடில இருந்து நுனி வரைக்கும் மூணு அஞ்சு நரம்பு கோடு போட்ட மாதிரி ஓடும், அத வச்சே தூரத்துல இருந்து குடும்பத்த சொல்லிடலாம், ஆனா காயா மட்டும் குடும்ப ஜாடையே இல்லாம பொறந்திருக்கு. அதனால குடும்ப அடையாளத்தப் படிச்சுட்டு தேடுனா ஏமாறுவீங்க.

நாலாவது, இலைய கசக்கி மோந்து பாருங்க. பெரிசா எந்த வாசனையும் வரக்கூடாது.

அஞ்சாவதுக்குப் பழைய கிளைக்கு வாங்க, இலை உதிர்ந்து போன, பென்சில் தடிமன்ல இருந்து கட்டைவிரல் தடிமன் இருக்கற கிளை. அங்க கணுவுக்குக் கணு முண்டு முண்டா வீங்கி, சின்னச் சின்ன தழும்பு கூட்டமா இருக்கும். அதெல்லாம் போன வருஷங்கள்ல பூங்கொத்து இருந்த எடம். காயா இலைக்கக்கத்துலயும் பூக்கும், இலையில்லாத பழைய கட்டைலயும் பூக்கும், ஒரே கணுவுல வருஷா வருஷம் பூத்துப் பூத்து அந்த எடம் மொழி கட்டிப்போயிருக்கும். எனக்கு இந்த முண்டுதான் நம்பிக்கையான அடையாளம், இருட்டுல தடவிக்கூட சொல்லிடலாம், கொஞ்சம் அதிகமா சொல்றேன்தான் ஆனா உண்மைதான்.

இதெல்லாம் பொருந்திட்டா ஒரு கடைசி சோதனை இருக்கு, அதுக்கு ஒரு வாரம் ஆகும். உதிர்ந்து கெடக்கற பச்ச இலை ரெண்டு மூணு எடுத்துட்டு வந்து நியூஸ்பேப்பர் நடுவுல வச்சு மேல வெயிட் ஏத்தி காய விடுங்க. மத்த இலை பல பழுப்பாவோ கருப்பாவோ போகும், காயா இலை மஞ்சளடிச்ச பச்சையாக் காயும். காரணம் அலுமினியம். இந்த மெமிசைலான் இனச் செடிங்க மண்ணுல இருக்கற அலுமினியத்த இழுத்து இலைல சேத்து வைக்கும். சாயம் துணில பிடிக்கறதுக்குப் படிகாரம் போடுவாங்க இல்லையா, படிகாரத்துல வேலை செய்யறதும் அலுமினியம்தான், அதனால அந்தக் காலத்துல சோழமண்டலக் கரைல சாயவேர்ல செவப்பு சாயம் போடும்போது காசா இலையையும் கூடப் போட்டிருக்காங்க. இலைய மட்டும் தனியாக் கொதிக்க வச்சா மஞ்ச சாயம். டிங்டோரியம்னு பேரு வச்சதோட கதை இதுதான். இந்த அலுமினிய விஷயத்த ஞாபகம் வச்சுக்குங்க, மண்ணு பத்திப் பேசும்போது திரும்ப வருவேன்.

எதோட எல்லாம் கொழம்பும்

காட்டுக்குள்ள அதிகமாக் கொழப்பறது நாவல் ஜாதிச் செடிங்க. அதுவும் எதிர் இலை, அதுவும் பளபளப்பு. ஆனா நாவல் இலைய கசக்குனா ஒரு மாங்கா வாசனை மாதிரி வரும், வெளிச்சத்துல புடிச்சா பக்க நரம்பு நெருக்கமா ஓடி விளிம்புக்குப் பக்கத்துல ஒரு கோடா சேரும், ஊசிக்குத்துன மாதிரி எண்ணெய்ப் புள்ளியும் தெரியும். காயால இது எதுவும் இல்ல.

அடுத்தது காட்டு இட்லிப்பூ வகையறா. இலை எதிரா இருக்கும், ஆனா ரெண்டு இலைக்காம்புக்கும் நடுவுல தண்டு மேல முக்கோணமா ஒரு குட்டி செதில் உக்காந்திருக்கும், அது இருந்தா காயா இல்ல. காட்டு எலுமிச்சையும் அதே காட்டுல நிக்கும், அத கசக்குனாலே எலுமிச்ச வாசனை, முள்ளும் இருக்கும், அதுல கொழப்பம் வராது.

நர்சரில வர்ற கொழப்பம் வேற ரகம். நான் மொதமொத காயாம்பூன்னு காசு குடுத்து வாங்கிட்டு வந்தது டிபோச்சினா. பெரிய ஊதாப்பூ, உள்ளங்கைல பாதி இருக்கும், இலைல மெத்து மெத்துன்னு முடி, நீளவாக்குல அஞ்சு கோடு. அழகான செடிதான், ஒண்ணும் சொல்றதுக்கில்ல, ஆனா அது பிரேசில்காரன். வித்தவரும் ஏமாத்தணும்னு பண்ணல, அவருக்கு யாரோ அப்படித்தான் சொல்லிருக்காங்க. பெட்ரியான்னு ஒரு கொடியையும் இந்தப் பேர்ல காட்டுவாங்க, அது இலைய தடவுனா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். அதனால நர்சரிக்குப் போனா பூவப் பாத்து மயங்காம இலையத் தடவிப் பாருங்க, கோடு இருந்தாலோ முடி இருந்தாலோ சொரசொரப்பு இருந்தாலோ வேணாம்.

பூக்கும்போது எப்படி இருக்கும்

எடத்தப் பொறுத்து மாறும். கோடைமழை ரெண்டு தடவ நல்லா எறங்குனதும் பூக்கறத நான் நெறைய பாத்திருக்கேன், பங்குனி சித்திரை பக்கம். மழைக்காலத்துலயும் பூக்கும், முல்லைப்பாட்டுல கார்காலம் வந்துடுச்சுன்னு சொல்ற எடத்துல "செறியிலைக் காயா அஞ்சனம் மலர"ன்னு ஒரு வரி வருது. நெருக்கமான இலை, மை நெறம், ரெண்டே வார்த்தைல அடையாளத்த எழுதி வச்சுட்டுப் போயிட்டாங்க.

தனிப்பூ ரொம்பச் சின்னது, சுண்டுவிரல் நகத்த விடக் கம்மி. நாலு இதழ், எட்டு மகரந்தத்தாள், அந்தத் தாளும் நீலம்தான், காம்பு மட்டும் ரோஸ் கலந்த ஊதா. ஆனா ஒண்ணு ரெண்டு பூக்காது, ஒரு செடில அத்தன கணுவும் ஒரே நேரத்துல வெடிக்கும், கட்டைய சுத்தி நீலப்பாசி புடிச்ச மாதிரி ஆகிடும், ரெண்டு மூணு நாள் கழிச்சுப் போனா கீழ தரையெல்லாம் நீலமாக் கொட்டிக் கெடக்கும். மயில் கழுத்தோட ஒப்பிட்டு சங்கப்பாட்டுல சொல்லிருக்கறது சும்மா இல்ல. அந்த சில நாள் தேனீயும் கட்டை வண்டும் மொய்க்கற சத்தம் பொதருக்குக் கொஞ்சம் தள்ளி நின்னாலே கேக்கும், சில தடவ சத்தத்த வச்சுத்தான் நான் செடியக் கண்டுபிடிச்சிருக்கேன். போட்டோ எடுக்கணும்னா காலைல போங்க, மொபைல் கேமரா இந்த நீலத்த எப்பவும் கொஞ்சம் ஊதாவா மாத்திடும், நேர்ல பாக்கறது வேற.

வெத எடுக்கறது

இங்க இருந்து வேலை ஆரம்பிக்குது. பூத்து ரெண்டு மூணு மாசத்துல காய் வரும், பட்டாணி அளவு உருண்டை, உச்சில குட்டியா ஒரு கிரீடம் இருக்கும். பச்சைல இருந்து மஞ்ச, அப்பறம் செவப்பு, கடைசியா கருநீலம். சாப்புடலாம், லேசா இனிப்பும் நெறைய தொவர்ப்பும் இருக்கும், நாக்கு கலராகிடும். ஊர்ல ஆடு மேய்க்கறவங்களுக்கு இந்தப் பழம் நல்லாத் தெரியும், செடி எங்க இருக்குன்னு அவங்களக் கேக்கறதுதான் குறுக்கு வழி.

கருத்த பழம் மட்டும் எடுங்க. செவப்பா இருக்கும்போதே எடுத்து வீட்ல பழுக்க வச்சுக்கலாம்னு ஒரு தடவ பண்ணேன், ஒண்ணு கூட மொளைக்கல. கொண்டைக்குருவி மொதல்ல வந்துடும், அதனால கருக்க ஆரம்பிச்சதும் வாரத்துக்கு ரெண்டு தடவ போய்ப் பாக்கணும். கோயில்காட்டுல எடுக்கறதா இருந்தா ஊர்ல ஒரு வார்த்த கேட்டுட்டு எடுங்க, பல ஊர்ல அய்யனார் காட்டுல இருந்து ஒரு குச்சி கூட எடுக்கமாட்டாங்க, கீழ விழுந்ததப் பொறுக்கிக்கறேன்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. ரிசர்வ் ஃபாரஸ்ட்ல கை வைக்கவே வேணாம், சட்டப்படி குத்தம்.

செடியப் பிடுங்கிட்டு வந்துடலாம்னு தோணும், எனக்கும் தோணுச்சு. முழங்கால் உயரம் இருக்கற காயாவுக்குக் கூட வேரு ஆழமாப் போயிருக்கும், பாதி வேரு அறுந்துதான் வரும், பத்து நாள் பச்சையா நின்னு ஆசை காட்டிட்டு இலையக் கொட்டும். காட்டுலயும் ஒண்ணு போச்சு, வீட்லயும் ஒண்ணும் இல்ல.

பழத்த எடுத்துட்டு வந்த அன்னிக்கே, இல்லன்னா மறுநாளுக்குள்ள தோலையும் சதையையும் கழட்டணும். ஒரு வடிகட்டில போட்டு மணல் கொஞ்சம் சேத்து தேச்சு தண்ணில அலசுனா போதும். ஒரு பழத்துக்கு ஒரே வெத. வெயில்ல காய வைக்காதீங்க, டப்பால போட்டு அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீங்க, யாருக்காவது தபால்ல அனுப்பறதா இருந்தாலும் ஈரத்துணில சுத்தி அனுப்புங்க. காஞ்சா போச்சு. கத்தரி மிளகா வெத மாதிரி நெனச்சுட்டுப் பண்றவங்க எல்லாரும் தோக்கற எடம் இதுதான்.

வெதைக்கறது

மண்ணுக்கலவை ரொம்ப யோசிக்க வேணாம், செம்மண்ணு ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நல்லா மக்குன இலைக்குப்பை ஒரு பங்கு. முடிஞ்சா தாய்ச்செடி அடில இருக்கற மண்ணு ஒரு கைப்புடி கலந்துக்குங்க, வேரோட கூட்டு வச்சுக்கற பூஞ்சை அதுல இருக்கும், நான் போட்டதுக்கும் போடாததுக்கும் வித்தியாசம் இருந்த மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது.

தட்டையான ட்ரே வேணாம். வேரு மொதல்ல நேரா கீழதான் போகும், ட்ரேல அது வளைஞ்சுக்கும். நீளமான நர்சரி கவர், எட்டு ஒம்பது இஞ்ச் ஆழம் இருக்கறது வாங்கி நேரடியா அதுலயே கவருக்கு ரெண்டு வெத போட்டுடுங்க. வெதையோட தடிமன் அளவுதான் ஆழம், மேல லேசா மணல் தூவி, அது மேல காஞ்ச இலை ஒரு அடுக்கு. நெழல்ல வைங்க, மரத்தடி நெழல் பெஸ்ட், காட்டுல அது அப்படித்தான் மொளைக்குது. பூவாளில தினம் ஒரு தடவ தண்ணி, ஈரம் இருக்கணும், சொதசொதன்னு ஆகக்கூடாது.

அப்பறம் மறந்துடுங்க. உண்மையா சொல்றேன், மறந்துடறதுதான் நல்லது, தோண்டித் தோண்டிப் பாத்து நாசம் பண்ணவங்கள எனக்குத் தெரியும், அதுல நானும் ஒருத்தன். ஒரு மாசத்துல ரெண்டு மூணு தலை தூக்கும், மிச்சம் அதோட இஷ்டத்துக்கு வரும், மூணு மாசம் ஆனது கூட எனக்கு உண்டு. அம்பது போட்டதுல முப்பது வந்தது ஒரு வருஷம், பத்து கூட வராதது ஒரு வருஷம், ரெண்டாவது வருஷம் வெத ரெண்டு நாள் ஜன்னலோரம் கெடந்துச்சு, அது மட்டும்தான் வித்தியாசம்.

குச்சி நட்டு வளக்கலாமான்னு கேப்பீங்க. இரும்பு மாதிரி கட்டை இதுக்கு, லேசுல வேரு விடாது. பாதி முத்துன குச்சில வேர் ஹார்மோன் பவுடர் தொட்டு வச்சு நான் முயற்சி பண்ணதுல பெரும்பாலும் காஞ்சுதான் போச்சு. விண்பதியன் அத விடத் தேவல, மழைக்காலத்துல பென்சில் தடிமன் கிளைல பட்டை வளையமா எடுத்துப் பாசி கட்டி வச்சா சிலது வேரு விடும், ஆனா மாசக்கணக்குல காத்திருக்கணும். வெதைதான் சுலபம்.

கவர்ல இருக்கற காலம்

முதல் வருஷம் இந்தச் செடி உங்களக் கடுப்பேத்தும். ஒரு சாண் வந்தா பெருசு. நாலு ஜோடி இலை போட்டுட்டு அப்படியே ஆறு மாசம் நிக்கும், செத்துடுச்சோன்னு நெனப்பீங்க, கீழ வேரு போட்டுக்கிட்டு இருக்கும். இந்த நேரத்துல வளர்ச்சிக்குன்னு யூரியா போடாதீங்க, இலை கருகும். மாசத்துக்கு ஒரு தடவ ஒரு கைப்புடி மக்குன எரு போதும். வேரு கவர் அடில எட்டிப் பாத்தா பெரிய கவருக்கு மாத்துங்க, மாத்தும்போது மண்ணுக்கட்டி ஒடையாமப் பாத்துக்குங்க. நெழல்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்குப் பழக்குங்க.

நர்சரிலயே ஒண்ணரை ரெண்டடி செடி கெடச்சா அது ரெண்டு மூணு வருஷ செடியா இருக்கும், அதுக்கு கொஞ்சம் கூட வெலை சொன்னா பேரம் பேசாம வாங்கிக்குங்க.

தரைல நடறது

ஐப்பசி அடைமழை ஆரம்பிக்கற நேரம்தான் சரி, வடகிழக்குப் பருவமழை மூணு மாசம் உங்களுக்கு பதிலா தண்ணி ஊத்திடும். ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி குழி, எடுத்த மண்ணோடயே இலைமக்கு கலந்து மூடுங்க. தனிச்செடின்னா சுத்தி ஏழெட்டடி விடுங்க, வேலியா வைக்கறதா இருந்தா மூணு நாலடிக்கு ஒண்ணு. வெயில் நல்லா படற எடத்துல பூ அதிகம், பாதி நெழல்லயும் பூக்கும் ஆனா கம்மி.

மண்ணு விஷயத்துக்கு வர்றேன். அலுமினியத்த இழுக்கற செடின்னு சொன்னேன்ல, அமிலத்தன்ம இருக்கற மண்ணுலதான் அலுமினியம் கரைஞ்சு வேருக்குக் கெடைக்கும். அதனால செம்மண்ணு, செம்புரை மண்ணு இருந்தா கவலையே இல்ல. சுண்ணாம்பு சத்து அதிகம் இருக்கற மண்ணுல, இல்லன்னா வீடு கட்டுன சிமெண்ட் குப்பை பொதச்ச எடத்துல நட்டா புது இலை வெளுத்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். சாம்பல் கொட்டாதீங்க, சுண்ணாம்பு அடிச்ச சுவரோரம் வைக்காதீங்க. போர் தண்ணி உப்பா இருந்தா பிரச்சனைதான், எனக்கும் அதே பிரச்சனை, நான் பண்றது செடியச் சுத்தி அரையடி ஒசரத்துக்கு காஞ்ச இலைய மூடாக்கா போட்டு வருஷம் பூரா அப்படியே விடறது, மழைத்தண்ணி புடிச்சு வச்சது இருந்தா அத ஊத்தறது. ரெண்டு வருஷத்துல இலை நெறம் திரும்பிடுச்சு.

களிமண்ணா இருந்தா மேடு கட்டி அது மேல நடுங்க. தண்ணி நின்னா செடி போய்டும், வேற எதுக்கும் இது லேசுல சாகாது.

தொட்டில வைக்கலாமான்னா வைக்கலாம், பதினெட்டு இஞ்ச் தொட்டி, அடில ஓட்டை நல்லா இருக்கணும். மெதுவா வளர்றதால வருஷா வருஷம் தொட்டி மாத்தற வேலை இல்ல, மொட்டைமாடிக்கு நல்ல செடி.

அதுக்கப்பறம்

முதல் ரெண்டு கோடைக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ தண்ணி விடுங்க, மூணாவது கோடைல இருந்து அது பாத்துக்கும். உரம் வருஷத்துக்கு ஒரு தடவ மக்குன எரு ஒரு சட்டி போதும். வேப்பம்புண்ணாக்கு போட்டா நல்லது, போடலன்னா நஷ்டம் இல்ல.

இலை மேல கொப்புளம் மாதிரி, சுருண்டு மடிஞ்ச மாதிரி வந்தா பயப்படாதீங்க, குட்டிப் பேன் பூச்சிங்க உள்ள குடும்பம் நடத்துது, காட்டுலயும் இந்த முடிச்சு சகஜமா இருக்கும். ரொம்ப ஆனா அந்த இலையக் கிள்ளிப் போடுங்க. செதில் பூச்சி வந்து இலை மேல கரி படிஞ்ச மாதிரி ஆனா வேப்பெண்ணெய சோப்புத்தண்ணில கலந்து சாயங்காலம் அடிங்க. வேற பூச்சி மருந்து வேணவே வேணாம், பூக்கற நேரத்துல அத்தன தேனீ வர்ற செடி இது.

கவாத்து பத்தி மட்டும் கவனமா இருங்க, ஏன்னா நல்லா வளந்தும் பூக்கல பூக்கலன்னு சொல்றவங்க பலரு பண்ற தப்பு இங்கதான். இது பழைய கட்டைலயும் முத்துன கிளைலயும் பூக்கற செடி, டுரண்டா வேலி மாதிரி மாசாமாசம் கத்தரி போட்டு உருட்டி வச்சா வருஷம் பூரா அழகா பச்சையா இருக்கும், ஒரு பூ வராது. பூவோ பழமோ முடிஞ்சதுக்கு அப்பறம் வருஷத்துக்கு ஒரே தடவ, காஞ்சதும் உள்பக்கம் நெருக்கமா இருக்கறதும் மட்டும் எடுங்க. முண்டு கட்டுன பழைய கட்டைய பாக்க அசிங்கமா இருக்கேன்னு வெட்டாதீங்க, அதுலதான் பூவே.

எப்பப் பூக்கும்? வெதைல இருந்து வந்த என் முதல் செடி ஆறாவது வருஷம் பூத்துச்சு, அதுவும் ஒரு பக்கக் கிளைல மட்டும் நாலஞ்சு கொத்து, ஆபீஸ் போற அவசரத்துல நான் பாக்கவே இல்ல, எங்கம்மாதான் துளசிக்குத் தண்ணி ஊத்தப் போனவங்க "டேய் உன் பொதருல என்னவோ நீலமா ஒட்டிக்கிட்டு இருக்குடா"ன்னு கூப்ட்டாங்க. கூட நட்ட இன்னொண்ணு எட்டாவது வருஷம். அதுக்கப்பறம் வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுது.

பழம் வர ஆரம்பிச்சுட்டா செடிக்கு அடில மூடாக்க கூட்டிப் பெருக்காதீங்க. குருவி தின்னு போட்டதும் தானா விழுந்ததும் அந்த இலைக்குப்பைக்குள்ளயே மொளைக்கும், நம்ம கவர்ல போடறத விட நல்லாவே மொளைக்குது. ரெண்டு ஜோடி இலை வந்ததும், வேரு ஆழமாப் போறதுக்கு முன்னாடி, ஒரு கரண்டியால மண்ணோட அப்படியே ஆழமாத் தோண்டி எடுத்து கவருக்கு மாத்திடுங்க. இந்த வருஷம் எனக்கு அப்படி பதினோரு கன்னு கெடச்சுது, அதுல ரெண்டு எங்க தெரு பிள்ளையார் கோயில் பின்பக்கம் போயிருக்கு.